முன்பின் தெரியாத இருபது ஜோடிகள்

ஜனவரி 4, ஞாயிறு

ஆய்வகக் குறிப்பேட்டில் எண்களைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்பது என் வழிகாட்டி பேராசிரியர் கிருபாகரனின் கட்டளை. எண்ணாக மாறாததையெல்லாம் கொட்டுவதற்கு எனக்கு ஓர் இடம் வேண்டும். அதற்குத்தான் இந்த டைரி. மருந்துக் கம்பெனி ஒன்று ஓசியில் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வாயுக் கோளாறு பற்றி ஒரு வரி இருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நிலவரம் இது: பெயர் நிரஞ்சனா. வயது முப்பத்திரண்டு. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஏழு வருடமாகிறது. மார்ச் 31-ஆம் தேதியோடு அந்தப் பதிவு காலாவதி. அதற்குள் இருபது ஜோடிகளை எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை வைத்து ஆராய்ந்து முடிக்க வேண்டும். பத்தொன்பது என்றால் செல்லாது, ஏழு வருடமும் போச்சு.

ஆக்சிடோசின் என்பது மூளையில் சுரக்கும் ஹார்மோன். பிரசவத்திலும் பாலூட்டும்போதும் பெருகும். மனிதரை மனிதர் நம்புவதிலும் அதற்குப் பங்கு உண்டு என்கிறார்கள். மூக்கில் அடித்து நாற்பது நிமிடம் கழித்துப் பார்த்தால், அந்நிய முகங்களைக் கண்டு உஷாராகும் அமிக்டலா என்ற பகுதி சிலருக்குக் கொஞ்சம் அடங்குகிறதாம். வேறு சிலருக்குச் சந்தேகம் கூடுகிறதாம். எது உண்மை என்று நான் பார்க்கப்போகிறேன். ஜோடியில் ஒருவர் இயந்திரத்துக்குள் படுத்திருப்பார், மற்றவர் அடுத்த அறையில். உள்ளே இருப்பவரிடம் பத்துப் புள்ளி உண்டு. மற்றவரின் படத்தைப் பார்த்து, மனம் போனபடி அவருக்கு அனுப்பலாம். அனுப்பியது மூன்று மடங்காகிப் போய்ச் சேரும். வாங்கியவர் திருப்பித் தரலாம், தராமல் அமுக்கியும் கொள்ளலாம். இப்படிப் பத்துச் சுற்று. சேர்ந்த புள்ளிக்கு மளிகைக் கூப்பன். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்ற பட்டியல் பேராசிரியரிடம் இருக்கிறது, எனக்கே தெரியாது.

நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஜோடியில் இருவரும் முன்பின் தெரியாதவர்களாக இருக்க வேண்டும். இதெல்லாம் ஒரு நிபந்தனையா என்று சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டேன்.

சென்னையில் இயந்திரம் கிடைக்கவில்லை. பாளையங்கோட்டையில் பேராசிரியரின் நண்பர் நடத்தும் ஸ்கேன் சென்டரில் புதனும் ஞாயிறும் மதியத்துக்கு மேல் இயந்திரம் சும்மா இருக்கிறதாம். வந்துவிட்டேன். வேளச்சேரியில் எட்டு வருடம் ஒரே ஃபிளாட்டில் இருந்தேன். எதிர்வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்குத் தெரியாது. இருவரும் நிம்மதியாக இருந்தோம். இங்கே வீட்டுக்கார அம்மாள் சாவியைத் தருவதற்கு முன் என்னிடம் கேட்ட கேள்விகள் பத்தொன்பது.

ஜனவரி 7, புதன்

முதல் ஜோடி. ப-1 கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுபவர். ப-2 வீரவநல்லூர் நர்ஸ். தெரியாதவர்கள் என்று இருவரும் எழுதிக் கொடுத்தார்கள். இருவர் மூக்கிலும் மருந்தை அடித்து, காத்திருக்கும் அறையில் உட்கார வைத்துவிட்டு, டெக்னீஷியன் செல்வினுடன் இயந்திரத்தைத் தயார் செய்யப் போனேன். கதவு திறந்திருந்தது.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"கல்லிடக்குறிச்சி."

"கல்லிடக்குறிச்சியா? எங்க பெரியம்மாவக் குடுத்த ஊருல்லா! எந்தத் தெரு?"

பதினோராவது நிமிடத்தில் அந்தப் பெரியம்மா இவருடைய கொழுந்தியாளுக்கு நாத்தனார் ஆனார். பதினான்காவது நிமிடத்தில், "அப்ப நீங்க எனக்கு மாமா முறைல்லா" என்று குரல் கேட்டது. ஆட்டத்தில் பத்துச் சுற்றும் ஆளுக்குப் பதினைந்தாகப் பிரித்துக்கொண்டார்கள். முன்பே பேசிவைத்துவிட்டார்களாம்.

நீக்கம். இருப்பு: பூஜ்யம்.

ஜனவரி 11, ஞாயிறு

காத்திருக்கும் அறைக்கு நடுவே பச்சைத் துணித் திரை கட்டினேன். இந்தப் பக்கம் ப-3, அந்தப் பக்கம் ப-4. மருந்து மூக்கில் ஏறியதும் ப-3 தும்மினார். "நூறு ஆயுசு" என்றது திரை. "யாரு அது, குரல் கேட்ட குரலா இருக்கு?" என்றார் ப-3. 

நீக்கம்.

ஜனவரி 14, புதன்

'பேசக் கூடாது' என்று பெரிய எழுத்தில் போர்டு வைத்தேன். அந்த போர்டைப் பற்றிப் பேசினார்கள்.

"ஏன் வே பேசக் கூடாதுன்னு போட்டிருக்கு?"

"உள்ள யாருக்கோ சீரியஸா இருக்கும்."

"அய்யய்யோ, யாருக்கு?"

அரைமணி நேரத்தில் உள்ளே இருந்த கற்பனை நோயாளிக்கு வயதும் ஊரும் மூன்று பெண்களும் கிடைத்துவிட்டார்கள். கடைசிப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம். ப-5 கண் கலங்கியிருந்தார்.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கல் விடுமுறை, ஸ்கேன் இல்லை. வீட்டுக்கார அம்மாள் பொங்கலும் ஐந்தாறு காய் போட்ட குழம்பும் கொண்டுவந்தார். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். இந்த ஊரில் மூன்று முறை சொல்ல வேண்டும் போலிருக்கிறது. குழம்பு மோசமில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

ஒருவரைக் காத்திருக்கும் அறையிலும் மற்றவரை எக்ஸ்ரே எடுப்பவர்கள் உடை மாற்றும் அறையிலும் அடைத்தேன். நடுவில் இரண்டு கதவு. ஒலி போகாது. ஆனால் முப்பிடாதி அக்கா போவார்.

முப்பிடாதி அக்கா இந்த சென்டரின் அட்டெண்டர். பெருக்குவது, தண்ணீர் கொடுப்பது, நோயாளியின் நகைகளைக் கழற்றி வாங்கிவைப்பது எல்லாம் அவர்தான். இன்று அவர் தண்ணீர்ச் சொம்போடு நான்கு முறை போய்வந்ததைப் பார்த்தேன். ஐந்தாவது முறை பின்னாலேயே போனேன்.

"அந்த ரூம்ல இருக்கவிய உங்களக் கேட்டாவ. நீங்க சுரண்டைல எந்த வளவுன்னு கேக்கச் சொன்னாவ."

அக்காவை உட்கார வைத்து, இவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்று விளக்கினேன். அவர் சொம்பைக் கீழே வைத்தார். "தெரிஞ்சா என்ன மேடம் கொறஞ்சு போகும்?" என்றார். என் பட்டம் குறைந்துபோகும் என்றேன். மருந்து எதற்கு என்று கேட்டார். மனுஷனுக்கு மனுஷனைப் பிடிக்க வைக்கிற மருந்து என்று சுருக்கமாகச் சொல்லி முடித்தேன். அவர் புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

புதிய விதிகள். ஒருவர் கோவில்பட்டிப் பக்கம் என்றால் மற்றவர் நாகர்கோவில் பக்கம். தனித்தனி அறை. தண்ணீர் நான் கொடுப்பேன். அக்கா நடமாடக் கூடாது.

இன்றைய ஆட்களில் ஒருவர் பால்காரர். ஒப்புதல் படிவத்தை எழுத்துக்கூட்டி வாசித்து, ஒரு வரியில் நின்றுவிட்டார்.

"ஆக்சிடோசினா? எரும பால் எறக்கலன்னா களவா ஒரு ஊசி போடுவானுவ, அதுல்லா இது? எனக்கா போடுதிய?"

அது தடை செய்யப்பட்டது, இது மூக்கில் அடிப்பது, அளவு வேறு என்று இருபது நிமிடம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்க எருமைக்குப் போட விடமாட்டேன். எனக்குப் போட்டுக்கிடுங்க" என்று மூக்கை நீட்டினார். நல்ல மனிதர். பெயரை எழுதக் கூடாது. நீக்கியவர்களின் எண்களைப் புதியவர்களுக்கே கொடுக்கிறேன், அதனால் இவர் ப-1.

முதல் முறையாகச் செல்லும் ஜோடிகள். இருப்பு: 2.

பிப்ரவரி 4, புதன்

இருப்பு: 5. இயந்திரம் ஒரு மணி நேரம் தகராறு செய்தது. செல்வின் அதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "அதுக்கு மனசு சரியில்ல மேடம், கொஞ்சம் விட்டுப் பிடிப்போம்" என்றார். நாசரேத்துக்காரர். படித்தவர் இப்படிப் பேசலாமா என்று கடிந்துகொண்டேன். இயந்திரம் ஓடிவிட்டது.

பிப்ரவரி 11, புதன்

இருப்பு: 8. ஒரு தவறு செய்துவிட்டேன். "சென்னைன்னா? சொந்த ஊரு எது?" என்று ப-14 கேட்டார். சென்னைதான் என்றேன். "சென்னைல யாருக்காவது சொந்த ஊரு உண்டுமா?" என்றார். தாத்தா சங்கரன்கோவில் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மாலைக்குள் சென்டர் முழுக்கப் பரவி, வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "நம்ம ஊருப் பிள்ளையா நீங்க? சொல்லவேயில்லயே" என்று கோபித்துக்கொண்டார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காய்ச்சல். ஸ்கேன் ரத்து.

பிப்ரவரி 16, திங்கள்

இன்னும் காய்ச்சல். ப-12 மிளகு ரசம் கொண்டுவந்தார். பால்காரர் ப-1 பால் கொண்டுவந்து, ஊசி போடாத பால் என்று கதவுக்கு வெளியே நின்று சத்தமாகச் சொன்னார். என் விலாசம் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். முப்பிடாதி அக்கா எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். பங்கேற்பாளர் ரகசியம் பற்றி அறுபது பக்க விதிமுறை இருக்கிறது. ஆய்வாளர் ரகசியம் பற்றி ஒரு வரி கிடையாது.

வேளச்சேரியில் போன வருடம் ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தேன். யாருக்கும் தெரியாது. அப்போது அதை வசதி என்று நினைத்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இருப்பு: 12. செல்வின் இஞ்சி மிட்டாய் கொடுத்தார். தொண்டைக்கு நல்லதாம். தொண்டை சரியாகி ஐந்து நாளாகிறது. வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

இருப்பு: 16. ஸ்கேன் முடிந்தவர்கள் திரும்பி வருவதை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. இசக்கியம்மாள் அக்கா மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்க வந்தார். பால்காரர் மாசானமுத்து அண்ணாச்சி எருமை கன்று போட்டதென்று சீம்பால் கொண்டுவந்தார். பேரக்குழந்தையின் காது குத்துக்கு என்னை வரச் சொல்லிவிட்டுப் போனார் ஆழ்வார்திருநகரி சார். போனேன். வேலை இருந்தது, இருந்தாலும் போனேன்.

மார்ச் 18, புதன்

இருப்பு: 19. இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று.

மார்ச் 22, ஞாயிறு

இருபது!

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நாகர்கோவிலில் இருந்தும் கோவில்பட்டியில் இருந்தும் வர வேண்டிய இருவருமே வரவில்லை. மதியம் ஒரு மணிக்கு நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது முப்பிடாதி அக்கா ஒருவரை அழைத்துவந்தார். ப-39, ஆ. காந்திமதிநாதன், அறுபத்திரண்டு வயது. கால்மணி நேரம் கழித்து இன்னொருவர் தானாகவே வந்தார். ப-40, ஆ. குற்றாலநாதன், ஐம்பத்தெட்டு. ஒருவர் பாளையங்கோட்டை, மற்றவர் டவுண். தூரம் குறைவுதான். ஆனால் ஒருவர் படத்தை மற்றவரிடம் காட்டி, இவரைத் தெரியுமா என்று கேட்டபோது இருவரும் சொன்ன பதில் இருக்கிறதே, மூன்று மாதத்தில் இப்படியொரு தெளிவை நான் பார்த்ததில்லை.

ப-39 படத்தை வெகுநேரம் பார்த்தார். "யாருன்னே தெரியாது" என்றார். கையெழுத்துப் போட்ட வேகத்தில் தாள் கிழிந்தது. வேறு படிவம் கொடுத்தேன்.

ப-40 கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். "இந்த ஆளையா? தெரியவே தெரியாது. நல்லா அழுத்தி எழுதிக்கிடுங்க."

இருவருக்கும் ஒரே மாதிரிப் பெரிய மூக்கு. மருந்து சிந்தவில்லை, வசதியாக இருந்தது. மருந்து அடித்து இருபது நிமிடத்தில் ப-39 என்னைக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, அந்த ரூம்ல இருக்க ஆளுக்குச் சுகர் இருந்தா இந்த மருந்து ஒத்துக்கிடுமா?"

இணையாளரின் நலனில் தானாக முன்வந்த அக்கறை! இருபதாவது நிமிடத்திலேயே! நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

ஆட்டத்தில் ப-39 பத்துச் சுற்றிலும் தன்னிடமிருந்த பத்துப் புள்ளியையும் அப்படியே அனுப்பினார். ப-40 பத்துச் சுற்றிலும் முப்பதையும் அப்படியே திருப்பி அனுப்பினார். அனுப்பும்போது இருவரும் ஒரு புள்ளிகூடத் தங்களுக்கென்று பிடித்துவைக்கவில்லை. நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இப்படி ஒரு முடிவு இல்லை. திரையில் முகம் வரும்போதெல்லாம் மூளைப் படம் தீபாவளி மாதிரி இருந்தது. பேராசிரியர் போனில் கத்தினார். கத்தியது சந்தோஷத்தில். ஏழு வருடத்தில் முதல் முறை.

ஒரே குறை, கடைசிச் சுற்றில் ப-39-இன் தலை மூன்று மில்லிமீட்டர் அசைந்திருக்கிறது. அந்தப் படம் மட்டும் மங்கல். அசையாமல் இருக்கச் சொன்னீர்களா என்று செல்வினைக் கேட்டேன். "சொன்னேன் மேடம். அசஞ்சுட்டாரு" என்று மட்டும் சொன்னார். தும்மியிருப்பார்.

எல்லோருக்கும் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 25, புதன்

இயந்திர அறையை ஒழித்துக்கொண்டிருந்தேன். முப்பிடாதி அக்கா துடைப்பத்தோடு வந்தார்.

"என்ன தாயி, பேசிக்கிட்டாவளா?"

"யாரு அக்கா?"

"அண்ணனும் தம்பியும்."

"எந்த அண்ணன் தம்பி?"

"ஞாயித்துக்கெழம மூக்குல மருந்தடிச்சு அனுப்பினியள்ளா? பதினோரு வருசமாப் பேச்சு கெடயாது. மூத்தவிய எங்க தெருதான். எளயவியளுக்கு ஆள்விட்டுத் தனியா வரச் சொன்னேன். இந்த மருந்தடிச்சா மனுசனுக்கு மனுசனப் புடிச்சிரும்னு நீங்கதானே சொன்னிய?"

ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"தெரியாதவங்கதான் வரணும்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே அக்கா!"

"பேச்சில்லன்னா தெரியாதவியதானே தாயி? அவியளே எழுதிக் குடுத்தாவல்லா?"

இருப்பு: 19.

மார்ச் 26, வியாழன்

நீக்க வேண்டிய ஜோடி என்பதால் பேராசிரியர் ரகசியப் பட்டியலைத் திறந்து பார்த்தார். இருவருக்கும் உப்புத் தண்ணீர்.

மார்ச் 27, வெள்ளி

இன்று முழுவதும் வேறு ஜோடிக்கு அலைந்தேன். பஸ் ஸ்டாண்டில் நின்று முன்பின் தெரியாத இரண்டு பேர் வேண்டும் என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டேன். இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். பெயர் எழுதுவதற்குள் ஒருவர் மற்றவருக்குச் சகலை என்று தெரிந்தது.

பேசாமல் அந்த அண்ணன் தம்பி ஜோடியை வைத்துக்கொண்டால் என்ன? கையெழுத்திட்ட படிவம் இருக்கிறது. அவர்கள் உறவு தெரிந்தவர்கள் பேராசிரியரும் செல்வினும் அக்காவும்தான். பேராசிரியர் போனில், "அது உன் முடிவு" என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியும். அவருக்கும் அந்தப் படங்களை விட மனமில்லை.

எனக்கும் இல்லை.

மார்ச் 29, ஞாயிறு

நீக்கிவிட்டேன். பங்கேற்பாளரை நீக்கினால் அவரிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. இருவரையும் வரச் சொன்னேன். காத்திருக்கும் அறையில் பெஞ்சின் இந்தக் கடைசியில் ஒருவர், அந்தக் கடைசியில் ஒருவர். நடுவில் நான்கு பேர் உட்காரலாம். நீங்கள் உறவினர்கள், அதனால் உங்கள் படங்களை ஆய்வில் சேர்க்க முடியாது என்றேன்.

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருன்னே தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேம்லா? பொறவு என்ன?"

"சார், நீங்க கூடப்பிறந்தவங்க."

"கூடப்பொறந்தா தெரிஞ்சிருக்கணுமா?" என்று சின்னவர் எழுந்துவிட்டார். "பதினோரு வருசமா இவியகிட்ட ஒத்த வார்த்த பேசினதில்ல. வேணும்னா அவியளையே கேளுங்க."

"ஆமா, பேசினதில்ல. நல்லாச் சொல்லுல அவங்களுக்கு."

"சொல்லிட்டுத்தானே இருக்கேன். நீங்க சும்மா இருங்கண்ணே."

செல்வின் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். என்ன நடந்தது என்று அவர்கள் இருவருக்கும்தான் முதலில் புரியவில்லை.

நான் எதையாவது கேட்க வேண்டுமே என்று, ஒரு புள்ளிகூட வைத்துக்கொள்ளாமல் ஏன் எல்லாவற்றையும் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். பெரியவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "தம்பிக்குக் குடுக்கதுல கைய இழுத்துட்டான்னு ஒரு பேச்சு வரக் கூடாதுல்லா?" சின்னவர் வேறு சுவரைப் பார்த்தார்: "இவிய குடுத்து நான் வாங்கித் தின்னேன்னு ஊருல சொல்லுவாவ. எனக்கெதுக்கு?"

என் தீபாவளி இதுதான். ஆய்வுக்கட்டுரையில் 'நம்பிக்கை' என்று தலைப்புப் போட்டு எழுதியிருப்பேன்.

பிறகு நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள். சின்னவர்தான் ஆரம்பித்தார். 

"வீட்டுக்குப் பால்காய்ச்சுனா, கூடப்பொறந்தவனுக்கு போன்லயா சொல்லுவாங்க? போன்ல கரண்ட் பில்லு கட்டச் சொல்லுவாங்க."

"அன்னைக்கு உங்க மதினிய ஆஸ்பத்திரில சேத்திருந்தேன்ல. அவள விட்டுட்டு ஒன்ன அழைக்க டவுணுக்கு எப்பிடி வர?"

"அத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?"

"நீ எங்க சொல்லவிட்ட? போன வச்சிட்டியே."

சின்னவர் உட்கார்ந்துவிட்டார். எங்கே உட்காருகிறோம் என்று பார்க்கவில்லை. உட்கார்ந்த இடம் அண்ணன் பக்கத்தில். அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். "மாத்திர ஒழுங்காப் போடுதியா?" என்று பெரியவர் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

போகும்போது பெரியவர் என்னைத் தனியாக அழைத்து, மருந்து நல்ல மருந்து என்றார். வெறும் உப்புத் தண்ணீர் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. கம்பெனி ரகசியம் போல என்று தலையாட்டிவிட்டுத் தம்பியின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார்.

மாலை செல்வின் அந்த மங்கலான கடைசிப் படத்தைத் திறந்தார். "அவரு தும்மல மேடம். நான் உள்ள கேமரால பாத்தேன். குலுங்கி அழுதாரு. போன ஞாயித்துக்கெழமையே சொல்லியிருப்பேன். உங்களுக்கு இருபது ஆயிருச்சேன்னு விட்டுட்டேன்."

அசைவு, மூன்று மில்லிமீட்டர். ஏழு வருடத்தில் நான் அளந்தவற்றிலேயே உண்மையானது அதுதான். அதைத்தான் விதிப்படி முதலில் வெட்டி எறிய வேண்டும். எனக்கும் அழுகை வந்தது. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

மார்ச் 30, திங்கள்

பேராசிரியர் பல்கலைக்கழகத்தில் யார் யாரையோ பிடித்து ஆறு மாத நீட்டிப்பு வாங்கியிருக்கிறார். கடைசி நீட்டிப்பு. அதே ஊர், அதே இயந்திரம், மீதி ஒரு ஜோடி. நாளை ஐந்து மணிக்குள் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். இந்த ஊரில் இன்னும் ஆறு மாதம்! தண்டனைதான். வீட்டுக்கார அம்மாளிடம் மேல்வீட்டைப் பற்றி விசாரித்தேன். அதில் காற்று நன்றாக வரும்.

மார்ச் 31, செவ்வாய்

படிவம் வந்தது. ஒரே வாக்கியம்: 'பங்கேற்பாளர்களில் எவருடனும் எனக்குத் தனிப்பட்ட உறவோ பழக்கமோ இல்லை என உறுதியளிக்கிறேன். இருப்பின், பெயர்களைக் கீழே குறிப்பிடுக.' கீழே இரண்டு வரி இடம். 

கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பேனாவை எடுத்தேன். மாசானமுத்து அண்ணாச்சி வீட்டுக் கன்றுக்குட்டிக்குப் பெயர் வைத்ததே நான்தான். இசக்கியம்மாள் அக்காவின் மகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். யாராவது ஒருவருடனாவது எனக்குப் பழக்கம் இல்லை என்று நிரூபித்துவிட வேண்டுமென்று பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். ப-22 ஒருவர்தான் தேறினார். ஸ்கேன் முடிந்த மறுநாளே மஸ்கட் போய்விட்டவர். அவரிடமிருந்தும் தினமும் காலையில் ரோஜாப்பூப் போட்டு குட் மார்னிங் வருகிறது. நானும் பதில் போடுகிறேன்.

இரண்டு வரி போதவில்லை. பின்பக்கமும் எழுதினேன். செல்வினிடம் இன்னொரு தாள் வாங்கினேன். பெயரோடு ஊர், எப்படிப் பழக்கம் என்பதையும் எழுதினேன். எல்லாப் பழக்கமும் ஸ்கேனுக்குப் பிறகுதான் என்று அடியில் கோடிட்டேன். நாலே முக்காலுக்கு அனுப்பினேன். ஐந்தரைக்குப் பேராசிரியர் கூப்பிட்டார்.

"நிரஞ்சனா, உறுதிமொழி கேட்டா கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருக்கே?"

"உண்மையைத்தான் எழுதினேன் சார்."

"இதை யுனிவர்சிட்டி கமிட்டில வச்சா உன்னை அந்த ஊர்லேர்ந்தே தூக்கிடுவாங்க, தெரியுமா? எல்லாம் ஸ்கேனுக்கு அப்புறம்னு நீ சொன்னா அவங்க நம்பணும்."

"தெரியும் சார்."

தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. மூன்று பக்கத்தையும் வாசிக்கிறார் என்று புரிந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முப்பத்தெட்டுப் பேர். அதுபோக அட்டெண்டர், வாட்ச்மேன், டெக்னீஷியன். எருமைக் கன்னுக்குட்டிகூட இருக்கு. ஏழு வருஷமா உனக்கு வழிகாட்டி நான். என் பேர் இதுல எங்கேயுமே இல்லையே?"

பங்கேற்பாளர்களைப் பற்றித்தான் கேட்டிருந்தார்கள் சார் என்றேன். வாட்ச்மேன் பங்கேற்பாளரா என்று கேட்டார். "பரவாயில்லை, விடு" என்று போனை வைத்துவிட்டார். பரவாயில்லை என்று சொன்ன குரலை நான் கேட்டேன். அது பரவாயில்லை என்கிற குரல் இல்லை.

திரும்பக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். இது போனில் பேசுகிற விஷயம் இல்லை. கமிட்டியிடம் பேசுவதும் அப்படித்தான். நேரில் போய் உட்கார வேண்டும். பேராசிரியருக்கு மனைவி இருக்கிறாரா, பிள்ளைகள் எத்தனை, சொந்த ஊர் எது, ஒன்றுமே எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

நாளைக்குச் சென்னைக்கு டிக்கெட் போடச் சொன்னேன். செல்வின் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "போக மட்டும் போட்டாப் போதுமா மேடம்?" என்று கேட்டார்.

இதென்ன கேள்வி? திரும்பி வருவதற்கும் சேர்த்துத்தான்.